கொத்துக்கறிக்கு மாற்று தேடிய கதை

புரட்டாசி பிறந்துவிட்டால் மதுரைப் பக்கத்து வீடுகள் பலவற்றில் கறிச்சட்டி பரணுக்குப் போய்விடும். கார்த்திகையில் மாலை போட்டவர் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் நாக்கு சும்மா இருக்குமா? சோம்பும் பட்டையும் கசகசாவும் தேங்காயும் அரைத்து, சின்ன வெங்காயம் வதக்கி, கொத்துக்கறி வறுவல் செய்த கை வேறு ஏதாவது ஒன்றைத் தேடுகிறது. வாழைப்பூவை நறுக்கிக் கோலா உருண்டை பிடிக்கிறார்கள். சேனைக்கிழங்கைத் துருவிப் பார்க்கிறார்கள். இந்த நாளில் பேரையூர்ச் சந்தைக்குப் போய் வருகிறவர் பையில் மீல் மேக்கர் பொட்டலம் ஒன்றும் இருக்கும்.

விரதத்துக்காக மட்டும் இந்தத் தேடல் நடக்கவில்லை. மானாவாரிச் சமவெளியில் பெரும்பாலான வீடுகளுக்குக் கறி என்பது நீண்ட காலமாகவே குலதெய்வத்துக்குக் கிடா வெட்டும் நாளிலும், தீபாவளி, பொங்கலை ஒட்டிய நாள்களிலும் கிடைத்த உணவு. மற்ற நாள்களில் அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? இக்கேள்விக்குச் சமையலறை ஒரு விடையைக் கண்டது. ஆராய்ச்சிக்கூடம் வேறொரு விடையைக் கண்டது. இரண்டும் சந்தித்துக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம். பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊருக்கும் இதில் பங்கு உண்டு.

கொத்துக்கறியின் மூன்று குணங்கள்

மாற்றுத் தேடுமுன், மாற்ற வேண்டிய பொருள் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? ஆட்டிறைச்சி என்பது தசைநார்களின் கட்டு. 100 கிராம் இறைச்சியில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கிறது. கொத்தும்போது நார்கள் சிறு துணுக்குகளாகின்றன. உப்புச் சேர்த்துப் பிசையும்போது தசைப் புரதங்களில் ஒரு பகுதி கரைந்து வெளியே வந்து பசைபோல் ஒட்டுகிறது. சூடு பட்டதும் அது இறுகி, உருண்டையைப் பிடித்துக்கொள்கிறது. கறிக்கோலாவில் பொட்டுக்கடலை மாவு சேர்ப்பதும் இந்தப் பிடிப்புக்குத் துணையாகத்தான்.

ஆக, கொத்துக்கறிக்கு மூன்று குணங்கள் உண்டு. பல்லுக்கு மெல்லக் கிடைக்கும் துணுக்கு ஒன்று. ஒட்டும் பிடிப்பு இரண்டு. உடலைக் கட்டும் புரதம் மூன்று. நாம் ‘கறி மணம்’ என்று சொல்வதில் பெரும்பகுதி மசாலாவினால் வருவது. அதைத் தாவரப் பண்டத்துக்கும் எளிதில் ஏற்றிவிடலாம். மற்ற மூன்றையும் ஒரே பொருளில் கொண்டுவருவதுதான் கடினம்.

அடுக்களையில் நடந்த ஆராய்ச்சி

நம் பாட்டிமார் முதல் இரண்டு குணங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வைகைப் பாசனத்தில் சோழவந்தான் பக்கம் விளையும் வாழையின் பூவை எடுத்துக்கொள்வோம். அதன் நார்த்தன்மை நறுக்கினாலும் குழைந்துபோவதில்லை. எனவே துணுக்கு கிடைத்துவிடுகிறது. நறுக்கிய பூ ஏன் கறுக்கிறது? அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள், ஒரு நொதியின் உதவியால் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதே காரணம். மோர் கலந்த நீரில் போட்டால் அதன் புளிப்பு அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. சேனையை நறுக்கினால் அரிப்பதற்கு அதிலுள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் காரணம். புளிக்கரைசலில் வேகவைத்தால் அரிப்புக் குறைகிறது. வேதியியல் படிக்காமலேயே கண்டறியப்பட்ட உண்மைகள் இவை.

ஒட்டும் பிடிப்புக்குக் கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்தார்கள். பருப்பின் மாவுச்சத்து சூட்டில் நீரை உறிஞ்சிப் பசையாகி, எல்லாவற்றையும் பிணைக்கிறது. பூவே இல்லாமல் பருப்பை மட்டும் உருட்டிப் போட்டால் அதுவே பருப்பு உருண்டைக் குழம்பு.

ஆனால் மூன்றாவது குணம்? 100 கிராம் வாழைப்பூவில் 2 கிராம் அளவுக்குத்தான் புரதம் உண்டு. சேனையில் அதைவிடக் குறைவு. பலாக்காயும் புதிய காளானும்கூட 2 அல்லது 3 கிராமைத் தாண்டுவது அரிது. வாழைப்பூக் கோலாவில் புரதம் இருக்கிறதென்றால் அது பெரும்பாலும் பூவிலிருந்து வந்ததன்று. கூடச் சேர்ந்த பருப்பிலிருந்து வந்தது. கடலைப்பருப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. பூவைக் கூட்டிப் பருப்பைக் குறைத்தால் கறியின் தோற்றம் இருக்கும், சத்து இராது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அல்வாச் சக்கையில் கிடந்த புரதம்

கோதுமை அல்வா செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஊறவைத்த கோதுமையை அரைத்துப் பாலெடுத்து, அந்தப் பாலைத்தான் கிண்டுகிறோம். எஞ்சும் சக்கையைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். பாலோடு வந்தது மாவுச்சத்து. சக்கையில் தவிட்டோடு ஒட்டிக்கொண்டு தங்குவது, ரப்பர்போல் இழுபடும் குளூட்டன் என்ற புரதம்.

நாம் எறிந்ததைச் சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் சமைத்து உண்கிறார்கள். கோதுமை மாவைப் பிசைந்து நீரில் கழுவிக் கழுவி மாவுச்சத்தை நீக்கினால், மெல்லுவதற்கு இறைச்சி போன்ற ஒரு திரள் கிடைக்கும். புலால் உண்ணாத பௌத்த மடங்களில் இதுவும் சோயா மொச்சைப் பாலைத் திரித்துச் செய்யும் டோஃபுவும் முக்கிய உணவுகளாயின.

மேல்நாட்டில் இம்முயற்சி பின்னரே தொடங்கியது. அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் மருத்துவ விடுதி நடத்திய ஜான் ஹார்வி கெல்லாக் புலால் உணவைத் தவிர்க்கச் சொன்னவர். 1890-களில் அவர் நிலக்கடலையை அரைத்து வேகவைத்து ‘நட்டோஸ்’ என்ற இறைச்சி மாற்றை உருவாக்கினார். பிறகு கடலையோடு கோதுமைக் குளூட்டனையும் சேர்த்து ‘புரோட்டோஸ்’ என்ற பண்டத்தையும் செய்தார். நம் சமவெளியில் செக்கில் ஆட்டப்படும் அதே நிலக்கடலைதான் அங்கே ‘கறி’யாயிற்று!

கல்லுப்பட்டிப் பெரியவரும் வார்தாச் சோதனையும்

பேரையூர் வட்டத்தில் தே.கல்லுப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. அங்கு 1940-இல் தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில்தான் பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த அவர் 1960 ஜனவரி 30 அன்று காலமானார்.

கல்லுப்பட்டிக்கு வருமுன் அவர் வார்தாவில் இருந்தார். 1934 டிசம்பரில் காந்தியடிகள் அமைத்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக அங்கே பணியாற்றினார். அச்சங்கத்தின் இருப்பிடமான மகன்வாடியில், கிராமத்து ஏழை குறைந்த செலவில் சத்துள்ள உணவைப் பெறுவது எப்படி என்ற சோதனைகள் நடந்தன. 1935-இல் அங்கு சோயா மொச்சையை வேகவைத்து ஆசிரமவாசிகளுக்குப் பரிமாறிப் பார்த்தார்கள். காந்தியடிகள் அதைப் பற்றி ‘ஹரிஜன்’ இதழில் எழுதினார். அதே ஆண்டுகளில் பரோடா சமஸ்தானமும் சோயாவைப் பரப்ப முனைந்தது. அங்கிருந்த எஃப்.எஸ். காலே என்பவர் 1936-இல் சோயா சமையலையும் சாகுபடியையும் விளக்கித் தனி நூலே எழுதினார்.

அப்படியிருந்தும் சோயா அன்று நம் வீடுகளுக்குள் நுழையவில்லை. ஏன்? துவரையிலும் கடலையிலும் பாதிக்கு மேல் மாவுச்சத்து; அதனால் வெந்தால் குழைந்துவிடும். சோயாவிலோ 40 விழுக்காடு அளவுக்குப் புரதம், 20 விழுக்காடு அளவுக்கு எண்ணெய். மாவுச்சத்து மிகச் சொற்பம். எவ்வளவு வேகவைத்தாலும் அது பருப்புப்போல் மசியாது. நன்றாக வேகாவிட்டால் புரதச் செரிமானத்தையே தடுக்கும் பொருள் ஒன்றும் அதில் உண்டு. சோயாவை வேகவைத்துக் கொடுத்தால்தான் எலிகள் நன்றாக வளர்கின்றன என்பதை ஆஸ்பார்ன், மெண்டல் என்ற அமெரிக்க அறிஞர்கள் 1917-லேயே காட்டியிருந்தனர். இவற்றோடு அதன் பச்சை வாடையும் சேர்ந்துகொண்டது. சத்து நிறைந்த விதைதான். ஆனால் குழம்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

மகன்வாடியில் நடந்த இன்னொரு வேலையும் நம் கதைக்கு வேண்டியது. கிராமத்துச் செக்கைத் திருத்தியமைக்கும் வேலை அது. ஜவேர்பாய் படேல் உருவாக்கிய செக்கு ‘மகன்வாடிச் செக்கு’ என்றே பெயர் பெற்றது. எண்ணெய் ஆட்டுவது ஊரிலேயே நடந்தால் எண்ணெயும் ஊருக்கு, பிண்ணாக்கும் ஊருக்கு, கூலியும் ஊருக்கு. இதுவே குமரப்பா பார்த்த பொருளியல். ஒரு பண்டத்தின் சத்தையும் விலையையும் கேட்டால் போதாது. அது எங்கே, யார் கையால் ஆகிறது என்றும் கேட்கவேண்டும் என்றார் அவர்.

பிண்ணாக்கு உணவானது, பிறகு தடுக்கப்பட்டது

நிலக்கடலையிலிருந்து எண்ணெய் போனபின் எஞ்சும் பிண்ணாக்கில் எடையில் பாதியளவு புரதம். அதை மாட்டுக்கு வைக்கிறோமே, மனிதருக்கு ஆகாதா? 1950-இல் மைசூரில் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தது. அமெரிக்காவில் ஹென்றி போர்சூக் என்ற விஞ்ஞானி 1940-களில் சோயாவை அடிப்படையாகக் கொண்டு ‘பல்நோக்கு உணவு’ ஒன்றை உருவாக்கியிருந்தார். மைசூர் விஞ்ஞானிகள் அதை நம் நாட்டுப் பொருளால் செய்தனர். எண்ணெய் நீக்கிய சுத்தமான நிலக்கடலை மாவு 75 பங்கு, வறுத்த கடலைப்பருப்பு மாவு 25 பங்கு. அவற்றோடு சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின்களும். இதில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம் இருந்தது. குழம்பிலும் கூழிலும் சப்பாத்தியிலும் கலந்துகொள்ளலாம்.

இது சத்தான மாவு. ஆனால் மாவு மாவுதான். கடிக்க ஒன்றும் இல்லை. வாழைப்பூவில் துணுக்கு இருந்தது, புரதம் இல்லை. இங்கே புரதம் இருந்தது, துணுக்கு இல்லை.

இந்த வேளையில் எதிர்பாராத ஓர் இடி விழுந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தில் குற்றம் இருந்தது தெரிந்தது. ஈரம் பட்ட கடலையில் வளர்ந்த ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம் ஒரு நஞ்சை உண்டாக்கியிருந்தது. அதன் பெயரிலிருந்தே நஞ்சுக்கு ‘அஃப்ளடாக்சின்’ என்று பெயரிட்டனர். கல்லீரலைத் தாக்கும் இந்நஞ்சு சாதாரணச் சமையல் சூட்டில் அழிவதில்லை. மனிதருக்கும் இது ஆபத்து என்பதை 1974-இல் நம் நாடே கண்டது. பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு ராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நன்றாக உலர்த்தி, சொத்தையைப் பொறுக்கி எடுத்து, ஈரமின்றிச் சேமித்த கடலைக்கு இந்த அச்சம் குறைவு. ஆனால் மழையில் நனைந்து, மூட்டையில் புழுங்கி, ஆலைக்கு வரும் கடலை எல்லாவற்றுக்கும் யார் பொறுப்பேற்பது? நிலக்கடலை மாவை மக்கள் உணவாக்கும் ஆர்வம் தளர்ந்தது. அந்த இடத்துக்குச் சோயா வந்து சேர்ந்தது.

முறுக்கு உழக்கில் பிறந்த ‘கறி’

சோயா இம்முறை விதையாக வரவில்லை, உருமாறி வந்தது. அமெரிக்காவில் ராபர்ட் பாயர் என்பவர் சோயாப் புரதத்தைக் கரைத்து நூலாக இழுத்து, அந்த நூல்களைக் கட்டி இறைச்சியின் நாரைப்போலச் செய்வதற்கு 1954-இல் காப்புரிமை பெற்றார். முறை நன்று, செலவு மிகுதி. எளிய வழியைக் கண்டவர் வில்லியம் அட்கின்சன். அவர் முறைக்கு 1970-இல் காப்புரிமை கிடைத்தது.

அது எப்படி வேலை செய்கிறது? முறுக்கு உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கையால் அழுத்துவதற்குப் பதில் உள்ளே ஒரு திருகு சுழல்கிறது. எண்ணெய் நீக்கிய சோயா மாவைச் சிறிது நீரோடு உள்ளே செலுத்தினால், திருகு அதை அழுத்திப் பிசைந்துகொண்டே முன்னே தள்ளுகிறது. உள்ளே வெப்பநிலை நீரின் கொதிநிலையைத் தாண்டிவிடும். ஆனால் அழுத்தம் இருப்பதால் நீர் ஆவியாக முடிவதில்லை. சுருண்டு கிடந்த புரத மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் விரிந்து, மாவு ஓடும் திசையில் வரிசைப்படுகின்றன. அச்சின் துளை வழியே வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென நீங்க, உள்ளிருந்த நீர் ஆவியாகி வெடித்து வெளியேறுகிறது. அரிசி பொரிவது போல அது பொரிந்து, உள்ளே நுண்துளைகளும் நார்போன்ற அடுக்குகளும் உண்டாகின்றன. உலர்த்தினால் மீல் மேக்கர். இந்தச் சூட்டிலேயே செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது.

1971-இல் அமெரிக்க அரசு, பள்ளி மதிய உணவின் இறைச்சியில் 30 விழுக்காடு வரை இந்த ஊறிய சோயாவைக் கலக்கலாம் என்று அனுமதித்தது. இந்தியாவில் 1960-களில் பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து சோயாச் சாகுபடியை வளர்த்தன. பின்னர் மத்தியப் பிரதேசம் சோயாவின் தாயகம்போல் ஆயிற்று. அங்கு ஆலைகள் எண்ணெய்க்காகவே சோயாவை வாங்கின. எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய மாவின் ஒரு சிறு பகுதியே சோயா உருண்டையாகித் தமிழ்நாட்டு மளிகைக் கடைகளுக்கும் வந்தது. வார்தாவில் வேகவைத்துப் பார்த்துக் கைவிட்ட அதே சோயா, துணுக்கும் புரதமும் ஒன்றாகச் சேர்ந்த வடிவில் சட்டிக்குள் புகுந்துவிட்டது.

குறைந்தது புரதமா, சோறா?

இதற்கிடையே ஒரு பெரிய விவாதமும் நடந்தது. 1968-இல் ஐக்கிய நாடுகள் சபை, வளரும் நாடுகளைப் புரதப் பஞ்சம் நெருங்குகிறது என்று எச்சரித்தது. ஏழைக் குழந்தைகளுக்குப் புரதத்தைத் தனியே ஊட்ட வேண்டும் என்ற எண்ணம் எங்கும் பரவியது. இதை மறுத்துக் கேள்வி எழுப்பியவர்களில் இருவர் இந்தியர்: புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே, சேலத்தில் பிறந்த ஊட்டச்சத்து அறிஞர் சி. கோபாலன். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தலைவராயிருந்த கோபாலன், நம் குழந்தைகளுக்கு முதலில் குறைவது வயிறாரச் சோறுதான் என்று காட்டினார். சோறும் பருப்பும் போதிய அளவு கிடைத்தால் புரதக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சோறு போதாவிட்டால், ஊட்டிய புரதமும் உடலைக் கட்டாமல் எரிபொருளாகவே செலவாகிவிடும். 1974-இல் மெக்லாரன் என்ற மருத்துவ அறிஞர், புரதத்தின் பின்னே ஓடியதைப் பெருந்தவறு என்றே ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

இதனால் புரதம் தேவையில்லை என்று ஆகிவிடாது. வயிறு நிறைவதே முதற்படி. அடுத்தபடி, உண்ணும் உணவுகள் ஒன்றன் குறையை ஒன்று நிரப்புவது. அரிசியிலும் கம்பிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது அதிகம். குதிரைவாலிச் சோற்றோடு மொச்சைக் குழம்பு சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

இன்றைய சட்டியில்

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 50 கிராம் உலர்ந்த மீல் மேக்கரில் ஏறத்தாழ 25 கிராம் புரதம். அது ஊறினால் 150 கிராமுக்குக் குறையாமல் ஆகும். ஏறத்தாழ 130 கிராம் ஆட்டுக்கறி தரும் புரதம் இது. உப்பிட்ட வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிய வேண்டும். பச்சை வாடையும், வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதியும் அந்த நீரோடு போய்விடும். பிறகு மிக்சியில் ஓரிரு சுற்று விட்டால் கொத்துக்கறிப் பதம் வரும். சுழலவிட்டுக்கொண்டே இருந்தால் கூழாகிவிடும். மசாலாவில் ஈரம் வற்றும்வரை வதக்கினால்தான் சுவை ஏறும். கோலா உருட்டுவதானால் பொட்டுக்கடலை மாவு கட்டாயம் வேண்டும். ஏனென்றால் சோயாவின் புரதம் ஆலையிலேயே வெந்து இறுகிவிட்டது, மறுபடி ஒட்டாது.

வாழைப்பூக் கோலாவில் பூவுக்குச் சமமாகக் கடலைப்பருப்பைப் போட்டால் அதுவும் சத்தான உணவே. மீல் மேக்கருக்கும் எல்லை உண்டு. இறைச்சியிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும். தாவர இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டால் சற்று நன்றாகச் சேரும். வைட்டமின் பி12 தாவர உணவுகளில் இயற்கையாகக் கிடைப்பதில்லை. புலாலை அறவே விட்டவர்களுக்குப் பாலும் தயிரும் அதனால்தான் முக்கியமாகின்றன.

ஆகவே கறிக்கு மாற்று என்று எதையாவது யாராவது காட்டினால் மூன்று கேள்விகள் கேட்போம். பல்லுக்கும் நாக்கும் பிடிக்கிறதா? இது சமையலறையின் கேள்வி. அதில் உண்மையிலேயே புரதம் எவ்வளவு? இது ஆராய்ச்சிக்கூடத்தின் கேள்வி. எந்த மண்ணில் விளைந்து, எவர் கையால் ஆகி வருகிறது? இது கல்லுப்பட்டிப் பெரியவரின் கேள்வி. மீல் மேக்கர் முதல் இரண்டுக்கும் நல்ல விடை சொல்கிறது. மூன்றாவதற்கு அதன் விடை தொலைதூரத்து ஆலை. நம் ஊர் மொச்சையும் தட்டைப்பயறும் உளுந்தும் மூன்றாவது கேள்விக்கு உடனே விடை சொல்லும், இரண்டாவதிலும் தேறிவிடும். முதல் கேள்விக்கு அவற்றை விடை சொல்ல வைக்க வேண்டிய ஆராய்ச்சி இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. ஊறவைத்த பயறும், ஓர் ஆட்டுக்கல்லும், பொறுமையும் உள்ள எந்த வீட்டிலும் அதைத் தொடங்கலாம்.